நான்காம் யூனிட்டுக்கு ஒரு கணக்கு

செவஸ்தி காரிபிது பாய்லர் பொறியாளர். எங்கள் ஊர் அனல்மின் நிலையத்தின் நான்காம் யூனிட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பெண்களுக்கென்று ஒரு கழிப்பறைகூட அங்கே கிடையாது. அவள் யாரிடமும் போய்ப் புகார் சொல்லவில்லை. ஒரு கதவில் சாக்பீஸால் தன் பெயரை எழுதினாள். யாராவது அழித்தால் மறுபடி எழுதினாள். கொஞ்ச நாளில் அழித்தவர்கள் அலுத்துப்போனார்கள். அவள் சுபாவத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் யோர்தானிஸ். அதே யூனிட்டில் மின்பிரிவில் இருந்தேன். பாய்லர் அவளுடையது, ஜெனரேட்டர் என்னுடையது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. ஏதாவது நின்றுபோனால் முதலில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வோம், பிறகுதான் எது கெட்டது என்று பார்ப்போம். இப்படியே இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

கிரீஸின் வடக்கில், கோசானி நகரத்துக்கு அப்பால் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கப் பழுப்பு நிலக்கரி. செவஸ்தியின் கணவன் லாஸரோஸ் சுரங்கத்தில் ராட்சதச் சக்கரம் வைத்த தோண்டும் இயந்திரத்தை ஓட்டினான். முதுகெலும்பு தேய்ந்து, ஓய்வு வயதுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்துவிட்டான். அவன் தோண்டியதை அவள் எரித்தாள். "புருஷன் அள்ளிப் போடறான், பொண்டாட்டி கொளுத்தறா" என்று காபிக்கடையில் கிண்டல் செய்வார்கள். குளிர்காலத்தில் ஊரின் எல்லா வீடுகளுக்கும் மின் நிலையத்திலிருந்துதான் குழாய் வழியாகச் சுடுநீர் வரும், அறைகள் கதகதக்கும். பாய்லர் நின்றால் ஊர் குளிரில் நடுங்கும். அதனால் செவஸ்தியை யாரும் எல்லை மீறிக் கிண்டல் செய்ததில்லை.

நிலக்கரி யூனிட்டுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடப்போகிறார்கள் என்று ஏதென்ஸிலிருந்து அறிவிப்பு வந்தது. எங்கள் நிலைய மேலாளர் பாவ்லிதிஸ் கேன்டீனில் கூட்டம் போட்டார். வயதானவர்கள் போகலாம், தொகை தருவார்கள். மற்ற பொறியாளர்கள் விரும்பினால் படிக்கலாம். சூரிய மின்சாரம், காற்றாலை, மின்சாரத்தைச் சேமித்து வைப்பது என்று கோசானியில் மாலை வகுப்பு தொடங்குகிறது, தேறினால் புதிய நிலையங்களில் முன்னுரிமை.

டர்பைன் பிரிவு ப்ரோத்ரோமோஸ் கையைத் தூக்கினான். "சார், பாஸ் பண்ணா எங்க அப்பா சைக்கிள் வாங்கித் தருவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். செவஸ்தி சிரிக்கவில்லை. "வகுப்பு என்னிக்கு ஆரம்பம்?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் நாள் வகுப்பில் நாங்கள் இருபது பேர் போல இருந்தோம். முக்கால்வாசிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது அல்லது வழுக்கையாக இருந்தது. பெஞ்சுகள் மாணவர்களுக்குச் செய்தவை, எங்கள் வயிறு இடித்தது. ஆசிரியை க்ளியோ தெசலோனிகியிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். சின்ன வயது, சின்ன உருவம், எப்போதும் ஜலதோஷம். ஒவ்வொருவரும் பெயரையும் எதற்கு வந்திருக்கிறோம் என்பதையும் சொல்லச் சொன்னாள்.

"இங்க ஹீட்டர் நல்லா வேலை செய்யுதுன்னு கேள்விப்பட்டேன்" என்றான் ப்ரோத்ரோமோஸ்.

செவஸ்தியின் முறை வந்தது. "எனக்கு ஒரு வேலைதான் தெரியும். அதை மூடறாங்க. அதான்."

க்ளியோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்" என்றாள்.

படிப்பு எளிதாக இல்லை. சூத்திரங்கள் பழக்கமானவைதான், ஆனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு வருஷத்தின் ஒவ்வொரு மணிக்கும் காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று ஓடவிட வேண்டும். செவஸ்தியின் கண்ணாடி பழையது. திரையைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்ப்பாள், தாளைப் பார்க்க முன்னால் குனிவாள். வகுப்பு முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆனால் அவளை உண்மையில் உறுத்தியது வேறு.

"இதுல கை வைக்கறதுக்கு இடமே இல்லையே, டீச்சர்" என்றாள் ஒருநாள். "அழுத்தம் குறைஞ்சா நான் கரியைக் கூட்டுவேன். வெயில் குறைஞ்சா என்ன பண்றது?"

"காத்திருக்கணும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வரும்னு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிருக்கணும்."

"காத்திருக்கறதுக்கா சம்பளம்?"

"ஷிப்ட்ல நீங்க வேற என்ன பண்ணீங்க?" என்றான் ப்ரோத்ரோமோஸ் பின்பெஞ்சிலிருந்து. "நானெல்லாம் முப்பது வருஷம் அதைத்தான் பண்ணேன்."

வீட்டில் லாஸரோஸ் வேறு. வகுப்பு முடிந்து அவள் கதவைத் திறந்தால் சோபாவிலிருந்து குரல் வரும். "பள்ளிக்கூடம் விட்டாச்சா? டிபன் டப்பாவைக் கழுவி வை. ஹோம்வொர்க் முடிச்சாத்தான் டிவி." அவனுக்கு அந்தப் படிப்பே பிடிக்கவில்லை. சுரங்கத்தின் தீர்ந்துபோன பகுதியை மண் கொட்டி மூடி, மேலே சோலார் தகடுகளை வரிசையாக நட்டிருந்தார்கள். அவன் அந்தப் பக்கம் காரில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். 'கண்ணாடிக் கல்லறை' என்பான். அவள் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் புத்தகத்தை விரித்துவைத்து, தயிரும் கோதுமையும் புதினாவும் போட்ட சூப்பைக் குடித்தபடியே படிப்பாள். அவளுடைய பாடப் புத்தகங்களில் புதினா வாசனை அடிக்கும்.

கோடையின் தொடக்கத்தில் பரீட்சை வைத்தார்கள். சின்னக் கேள்விகள் பல, கடைசியில் ஒரு பெரிய கேள்வி. பழைய நிலக்கரி யூனிட் ஒன்றின் விவரங்கள் கொடுத்திருந்தார்கள்: எவ்வளவு எரிக்கிறது, எவ்வளவு மின்சாரம் தருகிறது, எவ்வளவு புகை விடுகிறது, எத்தனை தடவை பழுதாகிறது. அதை மூடிவிட்டு அதே வட்டாரத்தில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் சேமிப்பும் வைத்தால் லாபமா நஷ்டமா என்று கணக்குப் போட வேண்டும். கடைசி வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'உங்கள் பரிந்துரையை ஒரே வாக்கியத்தில் எழுதவும்.'

செவஸ்தி எனக்கு முன் பெஞ்சில் இருந்தாள். சின்னக் கேள்விகளை மளமளவென்று எழுதினாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள். படித்தாள். மறுபடி படித்தாள். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மணியடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தேறவில்லை. நானும் தேறவில்லை. என் விஷயத்தில் மர்மம் ஏதும் இல்லை, நான் படிக்கவில்லை.

க்ளியோ அவளைத் தாழ்வாரத்தில் பிடித்தாள். "கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லையே நீங்க. அதுக்குத்தான் பாதி மார்க். தெரியாம விட்ட மாதிரியும் இல்ல."

"நேரம் பத்தல" என்றாள் செவஸ்தி.

பஸ் நிறுத்தத்தில் நான் கேட்டேன். "நேரம் இருந்துச்சே. நீ சும்மாதானே உக்காந்திருந்தே?"

"அது நான்காம் யூனிட், யோர்தானிஸ்."

"கேள்வியில பேரே இல்லையே."

"பேர் எதுக்கு? வருஷத்துக்கு எத்தனை தடவை குழாய் வெடிச்சுதுன்னு போட்டிருந்துச்சே, பார்க்கல? அந்தக் குழாய் ஒவ்வொண்ணுக்கும் நான் உள்ள தவழ்ந்து போயிருக்கேன். டீச்சர் அதை ஏதோ அறிக்கையிலிருந்து எடுத்திருப்பா. பாவம், அவளுக்கு யார் என்னன்னு என்ன தெரியும்?" பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "மூடுன்னு என் கையால எழுதச் சொல்றாங்க. வராது."

லாஸரோஸுக்கு இந்தச் செய்தி காபிக்கடையில், சீட்டாட்டத்தின் நடுவில் கிடைத்தது. எதிரில் இருந்தவன் சீட்டை இறக்கிக்கொண்டே, "உன் வீட்டம்மா ஃபெயிலாமே?" என்றானாம். லாஸரோஸ் அந்த ஆட்டத்தை முடிக்காமல் எழுந்து வந்துவிட்டான். சமையலறையில் நடந்ததை அவளே எனக்குப் பிறகு சொன்னாள்.

"தோத்துட்டியாமே?"

"ஆமா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ சிரிப்பே."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சிரிச்சிருப்பேன்தான்" என்றான். பிறகு தட்டுகளை எடுத்துவைத்தான். அன்றிலிருந்து பள்ளிக்கூடக் கிண்டல் நின்றது. கிண்டல் நின்றதுதான் தனக்கு அதிகமாக வலித்தது என்றாள் அவள்.

அந்தக் கோடையில் அவள் கிட்டத்தட்டப் படிப்பை விட்டுவிட்டாள். நான்காம் யூனிட்டின் தீயை அணைத்து, இறுதி உத்தரவுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்களைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் தோட்டத்தில் மிளகாய் நட்டாள், ஜெர்மனியில் இருக்கும் மகளோடு ஃபோனில் பேசினாள், பகலில் தூங்கினாள். ஷிப்டில் வளர்ந்த உடம்பு, எப்போது தூங்குவது என்று அதற்கே தெரியவில்லை.

பிறகு வேறு நாட்டில் போர் வந்தது, மின்சாரத்துக்கு எரிக்கும் எரிவாயுவின் விலை எங்கேயோ போனது. மூடியதையெல்லாம் திற என்று ஏதென்ஸ் சொன்னது. பாவ்லிதிஸ் செவஸ்தியைக் கூப்பிட்டார்.

"நாலை மறுபடி கிளப்பணும். ரெண்டு குளிர்காலம், அதிகம் போனா. பாதிப்பேர் போயிட்டாங்க. நீங்க வரணும் மேடம்."

"வரேன். ஆனா செவ்வாய், வியாழன் சாயங்காலம் எனக்கு வகுப்பு. மறுபடி எழுதப்போறேன்."

பாவ்லிதிஸ் சிரித்துவிட்டார். "பகல்ல என் பாய்லரை ஓட்டிட்டு, சாயங்காலம் அதை எப்படி மூடறதுன்னு படிக்கப் போறீங்களா?"

"ஆமா. ரெண்டுக்கும் நீங்கதானே அனுப்பினீங்க."

ஏன் மறுபடி எழுத முடிவு செய்தாள் என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. "பாதியில விட்டா அரிக்கும்" என்றாள். அவ்வளவுதான். வேலையிலும் வகுப்பிலும் நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன். என் மனைவி துரத்தினாள் என்பது வேறு விஷயம்.

பழைய யூனிட்டை ஒருமுறை ஆறவிட்டு மறுபடி சூடாக்கினால் அது சும்மா இருக்காது. அந்தக் குளிர்காலம் முழுக்க இங்கே கசிவு, அங்கே அடைப்பு. செவஸ்தி விடியலில் போவாள், வெளிச்சம் போன பிறகு வெளியே வருவாள், நேராகக் கோசானிக்குக் காரை ஓட்டுவாள். எங்கள் பள்ளத்தாக்கில் குளிர்காலத்துப் பனிமூட்டம் சுவர் மாதிரி நிற்கும். ஒரு வியாழக்கிழமை கண் அசந்து காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. ஒரு விவசாயி டிராக்டரால் இழுத்துவிட்டான். அவள் அப்படியே வகுப்புக்கு வந்து, ஷூவில் சேற்றோடு உட்கார்ந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மின் நிலைய வாசலில் லாஸரோஸ் அவள் காரில் சாய்ந்தபடி காத்து நின்றான்.

"சாவியைக் குடு" என்றான்.

"உன் முதுகோட நீ ஓட்டுவியா?"

"உன் கண்ணோட நீ ஓட்டினியே? ஏறு. யோர்தானிஸ், நீயும் ஏறு, பின்னாடி. அந்த மூட்டையைத் தள்ளி வை, உருளைக்கிழங்கு."

அப்படித்தான் அந்தக் குளிர்காலம் போனது. முன்னால் அவர்கள் இரண்டு பேர், பின்னால் நானும் உருளைக்கிழங்கும். செவஸ்தி சீட்டில் சாய்ந்ததும் தூங்கிவிடுவாள். லாஸரோஸ் ரேடியோவைக் குறைத்துவிட்டு, மூக்கைக் கண்ணாடியில் இடிக்கிற மாதிரி முன்னால் குனிந்து, சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி ஓட்டுவான். முதுகு வலிக்கும்போது அவன் வாயிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வரும். அவள் எழுந்துவிடக் கூடாதென்று அதை இருமலாக மாற்றுவான்.

வகுப்பு முடியும்வரை அவன் காரிலேயே இருப்பான். ஜனவரியில் ஒருநாள் குளிர் தாங்காமல் க்ளியோவே வெளியே போய் அவனை உள்ளே கூட்டிவந்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சில், ப்ரோத்ரோமோஸ் முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான். (ப்ரோத்ரோமோஸ் முதல் தடவையே தேறிவிட்டான், எங்கள் எல்லோரையும்விட நல்ல மதிப்பெண். சைப்ரஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.) க்ளியோ காற்றாலை இறக்கையின் வளைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குறட்டைச் சத்தம் எழுந்தது. சின்னக் குறட்டையல்ல, தோண்டும் இயந்திரத்தின் குறட்டை.

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. செவஸ்தி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

"எழுப்பட்டுமா?" என்றேன் நான்.

"வேண்டாம்" என்றாள் க்ளியோ. "இந்தப் பாடத்துக்கு நானும் மாணவியா இருந்தப்ப தூங்கினேன்."

செவஸ்தியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்தபோது முகம் நனைந்திருந்தது. அவள் அதைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். அந்தக் குளிர்காலத்தில் எல்லோரும் களைத்திருந்தோம். கண்ணீர் வர யாருக்கும் தனியாக ஒரு காரணம் தேவைப்படவில்லை.

இரண்டாம் முறை பரீட்சை மார்ச்சில் வைத்தார்கள். அந்த வாரம் பார்த்து பாய்லரில் குழாய் வெடித்தது. ஊரில் இன்னும் பனி உருகவில்லை, வீடுகளில் சுடுநீர் நின்றுவிட்டது, குழந்தைகள் வைத்திருப்பவர்கள் மின் நிலையத்துக்கு ஃபோன் செய்து திட்டினார்கள். செவஸ்தி வீட்டுக்கே போகாமல் நின்று வேலை வாங்கினாள். வெல்டிங் முடிந்து அழுத்தம் ஏறிய பிறகுதான் வெளியே வந்தாள். காதுமடலிலும் கண்ணோரத்திலும் சாம்பல். காரில் லாஸரோஸ் ஈரத்துணியும் முட்டைக்கோஸ் உருண்டை நிறைந்த ஒரு டப்பாவும் வைத்திருந்தான். அவள் முகத்தைத் துடைத்தாள், சாப்பிடவில்லை.

"இன்னிக்கு விட்டுடு" என்றான் அவன். "அடுத்த தடவை எழுதலாம். யார் என்ன சொல்லப் போறாங்க?"

"ஓட்டு" என்றாள்.

கேள்வித்தாள் வந்தது. கடைசிப் பக்கத்தில் மறுபடியும் ஒரு பழைய யூனிட். எண்கள் கொஞ்சம் மாறியிருந்தன, அவ்வளவுதான். அது யார் வீட்டுப் பிள்ளை என்று இந்தத் தடவை நானே அடையாளம் கண்டுகொண்டேன். நான் செவஸ்தியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே இருந்தாள். தாள் போதாமல் இன்னொரு தாள் வாங்கினாள்.

வெளியே வந்து காரில் ஏறியதும் லாஸரோஸ் இன்ஜினைக் கிளப்பாமல் அவளைப் பார்த்தான்.

"எழுதினியா?"

"எழுதினேன்."

"அந்தக் கடைசிக் கேள்வி?"

"அதையும்தான்." அவள் சீட்பெல்ட்டை இழுத்தாள், அது மாட்டவில்லை, விட்டுவிட்டாள். "மூணு விதமா போட்டுப் பார்த்தேன், லாஸரோஸ். எப்படியாவது நம்ம பக்கம் வருமான்னு. வரல. டீச்சர் கணக்கு சரிதான். மூடணும்."

வாகனம் நிறுத்தும் இடத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு க்ளியோ பஸ்ஸுக்கு ஓடினாள். லாஸரோஸ் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அவள் பஸ் ஏறும்வரை பார்த்தான்.

"அப்ப நான் தோண்டினதெல்லாம்?" என்றான்.

"அது இத்தனை வருஷம் எரிஞ்சுது. நாட்டுக்கே வெளிச்சம் குடுத்துச்சு. நம்ம பொண்ணைப் படிக்க வச்சுது. அது வேற கணக்கு. அதை யாரும் கேள்வியில கேக்கல."

அவன் தலையாட்டினான். ஒத்துக்கொண்டானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "பசிக்குதா இப்பவாவது?" என்று கேட்டு, டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்தான். எனக்கும் ஒரு உருண்டை பின்னால் வந்தது. ஆறிப்போயிருந்தது, உப்பும் கூடுதல். மூன்று பேரும் டப்பா காலியாகும்வரை தின்றோம்.

அவள் தேறினாள், பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. நான் அவளைவிட ஒன்றிரண்டு குறைவாகத் தேறினேன்.

அதற்கு அடுத்த குளிர்காலமும் முடிந்த பிறகு நான்காம் யூனிட்டை நிஜமாகவே மூடினார்கள். கடைசியாக நிறுத்துவதற்கான கட்டளையை அவளே கொடுக்க வேண்டும் என்று பாவ்லிதிஸ் கேட்டுக்கொண்டார். கட்டுப்பாட்டு அறையில் கூட்டம். யாரோ கேக் வாங்கி வந்திருந்தார்கள், நிறையப் பேர் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். செவஸ்தி கரி ஊட்டும் வரிசைகளை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னாள். தீ அணைந்ததும் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். யாரோ அவள் கையில் கத்தியைக் கொடுத்தார்கள்.

"இருங்க" என்றாள் அவள். "அழுத்தம் இன்னும் இறங்கல. கேக் எங்கேயும் ஓடிடாது."

அழுத்தம் முழுக்க இறங்கும்வரை முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

இப்போது அவள் சோலார் நிலையத்தில் பொறியாளர். சுரங்கத்தை மூடிய மண்மேட்டின் மேல், லாஸரோஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வானே, அதே இடம். அனல்மின் நிலையத்தில் ஒரு ஷிப்டுக்கு இருந்த ஆட்களில் ஒரு சிறு பங்கு பேர்தான் இந்த மொத்த சோலார் நிலையத்துக்குமே. அவள் வேலையில் பாதி, புல். தகடுகளுக்கு நடுவே புல் உயரமாக வளர்ந்து நிழல் விழுகிறது. ஒரு ஆட்டுக்காரனோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறாள், அவனுடைய ஆடுகள் கேபிளைக் கடித்துவிட்டால் சண்டை. மீதிப் பாதி, தூசி, கொட்டிய மண் அமிழ்ந்து சாய்ந்துபோன தாங்கிகள், சூடேறி நின்றுவிடும் இன்வெர்ட்டர்கள். கட்டுப்பாட்டு அறை என்பது ஒரு தகரக் கூண்டு. அங்கே சத்தமே கிடையாது. முதல் மாதம் அந்த அமைதி தாங்காமல் ரேடியோ வாங்கிவைத்தாள்.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேகமே இல்லாத நண்பகல், ஏதென்ஸிலிருந்து கட்டளை வந்தது: மின்சாரம் தேவைக்குமேல் இருக்கிறது, உங்கள் உற்பத்தியை நிறுத்துங்கள். அவள் நிறுத்தினாள். மண்மேட்டின் மேல் அத்தனை தகடுகளும் வெயிலைக் குடித்துக்கொண்டு சும்மா நின்றன. மறுநாளும் வந்தது. அந்த மாதம் முழுக்க அடிக்கடி வந்தது.

லாஸரோஸ் சாப்பாட்டு மேஜையில் அதைக் கேட்டுவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தான். "வெயில் அடிச்சா கடையைச் சாத்துவீங்களா? என் மெஷின்ல கரி அதிகமா வந்துச்சுன்னா குவிச்சு வைப்போம். குவியல் குவியலா வைப்போம்."

"அதேதான் பிரச்சினை. குவிச்சு வைக்க இடமில்ல."

அவள் க்ளியோவை ஃபோனில் கூப்பிட்டாள். க்ளியோவுக்கு அப்போதும் ஜலதோஷம்.

"அதுக்குத்தானே பேட்டரி நிலையங்கள் வருது, செவஸ்தி மேடம். உங்க பக்கத்துலயே ஒண்ணு கட்டப் போறாங்க. அதை ஓட்டத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. செப்டம்பர்ல புதுசா ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறேன்."

"பரீட்சை உண்டா?"

"உண்டு."

ஓய்வு பெற செவஸ்திக்கு இன்னும் சில வருஷங்கள் இருக்கின்றன. அவற்றை ஆடுகளோடும் ரேடியோவோடும் கழித்துவிட்டுப் போகலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். க்ளியோ என்னையும் சேரச் சொல்லிக் கேட்டாள். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். வீட்டுக் கூரைகளுக்குத் தகடு பொருத்தித் தரும் சின்ன வேலை ஒன்று வைத்திருக்கிறேன், என் மூளைக்கு அது போதும். செவஸ்தி செப்டம்பரில் சேர்ந்துவிட்டாள்.

போன வாரம் சந்தையில் பார்த்தேன். வெங்காயத்தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"எப்படிப் போகுது?" என்றேன்.

"மெதுவா போகுது. வகுப்புல எல்லாரும் சின்னப் பசங்க. என்னைப் பார்த்து எழுந்து நிக்கறாங்க, வெக்கமா இருக்கு. ராத்திரியில எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது. பாடத்தைப் பெரிய எழுத்துல அச்சடிச்சுத் தரச் சொல்லியிருக்கேன்."

"தராங்களா?"

"தராங்களாம். தாள் ரெண்டு மடங்கு ஆகுது, தூக்கத்தான் முடியல." அவள் வெங்காயத்தாள் கட்டைத் தராசில் போட்டாள். கடைக்காரன் நிறுக்கும்வரை பெட்டியின் விளிம்பில் சாய்ந்து ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். பிறகு பையை வாங்கிக்கொண்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.